தோலுக்கு அடியில் ஒரு பெட்டி

மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் போகும் வீதியில் உள்ள ஒரு கிராமத்தில், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பெண்கள் சேமிப்புக் குழு கூடும். 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கூட்டத்தில் கணக்கெல்லாம் பார்த்து முடிந்த பிறகு, பின்னால் சுவரோடு சாய்ந்திருந்த ஓர் அக்காவைக் கவனித்தேன். இடது தோளுக்குக் கீழே சட்டைக்கு மேலால் சொறிந்துகொண்டே இருந்தார். ஐந்து வாரங்களுக்கு முன்புதான் அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருந்தார்கள்.

"கடிக்குது மிஸ். இரவில நித்திரையும் இல்ல."

"காயம் ஆறும்போது கடிக்கத்தான் செய்யும் அக்கா," என்று சொல்லிவிட்டுப் பதிவுப் புத்தகத்தை மூடினேன். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் எனக்கு.

நான் சொன்னது பிழையான தகவல் அல்ல. ஆனால் சட்டையை விலக்கிப் பார்க்காமல் சொன்னேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

அந்த அக்காவின் பெயரை அவர் விருப்பப்படி இங்கே எழுதவில்லை. அப்போது அவருக்கு 54 வயது. கணவரை 1990இல் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. 2007 மார்ச் மாதத்தில் படுவான்கரை முழுவதும் செல் விழுந்து சனங்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிய நாட்களில், அவருடைய இடது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு செல் துண்டு ஏறியது. அதை எடுக்கப் போனால் நரம்பு பாதிக்கும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பன்பாய் இழைத்தும், காலம் பார்த்து வாவியில் இறால் பிடித்தும் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். மகன் கட்டாரில். மகள் கலியாணம் முடித்து எழுவான்கரையில். அக்கா வீட்டில் தனியாள்.

2018 நடுப்பகுதியில் அவருக்கு மயக்கம் வரத் தொடங்கியது. கிணற்றடியில் ஒருநாள், கோயில் வீதியில் ஒருநாள், பாய் இழைத்துக்கொண்டிருந்தபோதே ஒருநாள். பலவீனம் என்றார்கள் சிலர், பார்வை பார்க்கச் சொன்னார்கள் வேறு சிலர். கடைசியில் கிளினிக்கில் நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர் உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினார். நிமிடத்துக்கு 34 தடவைதான் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு அது 60க்கும் 100க்கும் இடையில் இருக்க வேண்டும். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின் தூண்டல் கீழறைக்குப் போய்ச் சேரும் வழி தடைப்பட்டிருந்தது. மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. இதில் இதயத்தின் மின்வழி கெட்டுப்போகிறது.

வெளிமாவட்ட அரச வைத்தியசாலை ஒன்றில் இலவசமாகவே பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, காறை எலும்புக்குக் கீழே சிறிய வெட்டு ஒன்று போட்டு, தோலுக்கும் நெஞ்சுத் தசைக்கும் நடுவில் ஒரு பைபோல இடம் செய்து, அதற்குள் பெட்டியை வைப்பார்கள். நெருப்புப்பெட்டியளவு அகலம், அதைவிட மெல்லிய தடிப்பு, 50 கிராமுக்கு மேல் போகாத பாரம். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ மெல்லிய வயர்கள் நாளத்தின் வழியே இதயத்துக்குள் போகும். இதயம் சுணங்கினால் பெட்டி ஒரு சிறு தூண்டலைக் கொடுக்கும். பற்றரி பெரும்பாலும் 8 முதல் 12 ஆண்டுகள் தாங்கும். பிறகு பெட்டியை மாற்றுவார்கள்.

பெட்டி தோலுக்கு அடியில் போனதற்குக் காரணமே தோல்தான் என்பதைப் பிறகு வாசித்தபோதுதான் அறிந்தேன். 1950களில் இருந்த கருவிகள் உடம்புக்கு வெளியே இருந்தன. வயர் தோலைத் துளைத்து உள்ளே போகும். அந்தத் துளை வழியே கிருமி ஏறி நோயாளிகள் துன்பப்பட்டார்கள். சுவீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பவருக்கு ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயக்கம் வரும். அவருடைய மனைவி எல்ஸ் மரி, சத்திரசிகிச்சை நிபுணர் ஒகே செனிங்கையும் பொறியியலாளர் ரூனே எல்ம்குவிஸ்டையும் விடாமல் கேட்டுக் கேட்டு, முழுவதும் உடம்புக்குள்ளேயே வைக்கக்கூடிய ஒரு கருவியைச் செய்ய வைத்தார். 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி அதைப் பொருத்தினார்கள். உலகத்தில் அதுவே முதலாவது. சப்பாத்துப் பொலிஷ் ரின் ஒன்றை அச்சாக வைத்து வார்த்த கருவி அது. சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. ஆனாலும் அடுத்தடுத்துக் கருவிகளை மாற்றி மாற்றி வைத்து லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். புருசனுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த பெண்களை நமக்கும் தெரியும் என்பதால் எல்ஸ் மரியின் கதையை எங்கள் கூட்டங்களில் நான் அடிக்கடி சொல்வதுண்டு.

சரி, நம் அக்காவின் நெஞ்சுக்கு வருவோம்.

பேஸ்மேக்கர் வைத்த பிறகு தோலில் வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல. வெட்டின இடம் ஆறிவரும்போது கடி எடுக்கும். முதல் சில வாரங்களில் இது மிகச் சாதாரணம். தோலின் சின்ன நரம்புகள் வெட்டுப்படுவதால் தழும்பைச் சுற்றி விறைத்தது போலவோ, எறும்பு ஊர்வது போலவோ இருக்கும். அந்த விறைப்பு மாதக்கணக்கில் இருக்கலாம், சிலருக்கு ஒரு சிறு இடத்தில் நிலைத்தும் விடலாம். தோலுக்கு அடியில் இரத்தம் கண்டி ஊதா நிறமாகி, பிறகு பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு மூன்று வாரத்தில் மறையும். கண்டல் கீழிறங்கி மார்பு வரைக்கும் வந்துவிட்டதென்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். கண்டின இரத்தம் கீழ்நோக்கித்தான் இறங்கும். வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால், தோல் இழுத்துப் பிடித்ததுபோல இறுகினால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

மெலிந்த உடம்புள்ள பெண்களுக்குப் பெட்டியின் விளிம்பு தோலுக்கு மேலால் தெரியும், தடவினால் கைக்குப் பிடிபடும். அதை அடிக்கடி தொட்டுப் பார்ப்பதும் திருப்பிப் பார்ப்பதும் கூடாது. விரல் சும்மா இருக்காமல் பெட்டியை உருட்டி உருட்டியே வயரை இதயத்திலிருந்து இழுத்துவிட்டவர்கள் உண்டு. நமது நிறத்தவர்களுக்கு நெஞ்சுப் பகுதியில் தழும்பு தடித்துப் புடைப்பதும் உண்டு. அது கடிக்கும், உறுத்தும், ஆபத்தில்லை. கிளினிக்கில் சொன்னால் அதற்கு மருந்து உண்டு.

பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாமல் வரும் கடி வேறு வகை. அதை அடையாளம் காண்பது சுலபம். சிவப்பு, பிளாஸ்டரின் வடிவத்திலேயே, சதுரமோ நீளமோ ஓரம் வெட்டினாற்போல இருக்கும். சின்னக் கொப்புளங்களும் வரலாம். தொற்றுக்கிருமியின் சிவப்பு அப்படி எல்லை பார்த்து நிற்பதில்லை. பெட்டிக்கு மேலேயும் வெட்டுக் காயத்தைச் சுற்றியும் வந்து, சூடாகி, நாளுக்கு நாள் பரவும். பிளாஸ்டர் கடிக்கிறதென்று நீங்களே உரித்து எறிய வேண்டாம், தாதியிடம் சொன்னால் வேறு வகை மாற்றுவார்கள். அயடின் போன்ற துடைக்கும் மருந்துகளும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. முன்பு எதற்காவது தோல் தடித்திருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன்பே சொல்லுங்கள்.

கடி தாங்க முடியாதபோது நகத்தைக் கொண்டுபோகக் கூடாது. உடுப்புக்கு மேலால் உள்ளங்கையை மெதுவாக வைத்து எடுக்கலாம். காயத்தில் படாமல் சுற்றியுள்ள தோலில் குளிர்ந்த சுத்தமான துணியை ஒற்றலாம். இரவில் நித்திரை கெட்டால் கடிக்கான குளிசை உண்டு, வைத்தியரைக் கேட்டு எடுக்கலாம். காயம் முழுவதும் பொருந்தும்வரை எண்ணெய், பவுடர், கிறீம், மஞ்சள், வேப்பிலை, திருநீறு எதுவும் மேலே போடக் கூடாது. திருநீற்றை நெற்றியில் பூசுங்கள், அதுவே போதும்.

நமது சித்திரை வைகாசி வெயிலும் வியர்வையும் இன்னொரு பக்கம். கையை அசைத்தால் வயர் கழன்றுவிடும் என்ற பயத்தில் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பவர்களுக்கு அக்குளுக்குள் வேர்க்குரு போட்டுப் புண்ணாகிவிடுகிறது. தோளும் இறுகிப்போகிறது. முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு அந்தப் பக்கத்து முழங்கையைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்பதுதான் விதி. கையைக் கட்டிப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தோள் மட்டத்துக்குக் கீழே மெதுவாக அசைக்க வேண்டும். கப்பியில் தண்ணீர் அள்ளுவது, உலக்கை போடுவது, கையை உயர்த்திக் கொண்டை முடிவது ஆகியவை அந்த வாரங்களில் ஆகாது. இவற்றைத் தவிர்க்க வேண்டுமென்று ஒரு தனியாளிடம் சொல்வது எவ்வளவு சுலபம்! தண்ணீரை யார் அள்ளுவார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

உடுப்பைப் பற்றியும் யாரும் சொல்வதில்லை. ஆண்களுக்கு இல்லாத பிரச்சினை இது. உள்ளாடையின் பட்டி சரியாகப் பெட்டிக்கு மேலாலேயே போகும். இறுக்கமான சட்டையின் தையல் காயத்தில் உரசும். ஆறும்வரை முன்னால் பொத்தான் வைத்த, தளர்ந்த பருத்திச் சட்டை நல்லது. கையைத் தூக்காமலே போட்டுக் கழற்றலாம். காயம் ஆறின பிறகும் பட்டிக்குக் கீழே ஒரு மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். நமது பெண்களில் முக்கால்வாசிப் பேர் பேர்ஸையும் கைத்தொலைபேசியையும் இடது பக்கச் சட்டைக்குள்தானே செருகுகிறோம்? பேர்ஸ் தோலை உரசும். தொலைபேசி பெட்டியிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும். இரண்டையும் பைக்குள் மாற்றுங்கள்.

சாப்பாட்டில் கிரந்தி என்று ஒரு பெரிய பட்டியல் நம்மிடம் உண்டு. நண்டு, இறால், கத்தரிக்காய், சில மீன்கள். அக்காவுக்கும் அயலவர்கள் அப்படித்தான் பத்தியம் வைத்தார்கள். ஒரு மாதமாக வெறும் சோறும் சொதியும். இறால் சாப்பிட்டால் முன்பே உடம்பு தடிக்கிறவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தடை தேவையில்லை. தோல் பொருந்துவதற்குப் புரதச்சத்து வேண்டும். வாவி மீனும் முட்டையும் பருப்பும் சாப்பிட்டால்தான் காயம் ஆறும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைப்பது இதைவிட முக்கியம். அவர்களுக்குக் காயம் ஆறுவதும் பிந்தும், கிருமி பிடிக்கும் வாய்ப்பும் கூட.

நவம்பர் கூட்டத்துக்கு அக்கா வரவில்லை. ஆளனுப்பிக் கேட்டால் "சும்மா உடம்பு அலுப்பு" என்று பதில் வந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பாதி இழைத்த பாய் கிடந்தது. அக்கா உள்ளே படுத்திருந்தார். இம்முறை கேட்டேன், "நான் பாக்கலாமா அக்கா?"

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு இந்தச் சட்டையைத் திறக்கிறதெண்டா ஏலாது புள்ள. அப்ப சென்றியில வச்சு எத்தனை கை பட்டிருக்கு. ஆஸ்பத்திரியில பெடியன்மார் டொக்டர்மார் சுத்தி நிண்டு பாத்தாங்க. நல்ல பிள்ளையள்தான், எண்டாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அதான் கிளினிக்குக்கும் போகல்ல."

அதுவரை மிஸ் என்று அழைத்தவர் அன்றுதான் என்னைப் புள்ள என்றார்.

காயத்தின் ஓரத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார். அதைத் துடைத்துப் பார்த்தபோது, பெட்டியின் மூலைக்கு மேலே தோல் மெலிந்து, பளபளத்து, நீலம் கலந்த சிவப்பாக இருந்தது. தொட்டால் சூடு. ஓர் ஊசிமுனைத் துளையிலிருந்து கலங்கல் நீர் கசிந்தது. கடி நின்று வலி தொடங்கிப் பத்து நாளாம். காய்ச்சல் விட்டுவிட்டு வந்திருக்கிறது, பனடோல் போட்டுச் சமாளித்திருக்கிறார். தண்ணீர் அள்ளினீர்களா என்று கேட்டேன். வேறு யார் அள்ளுவது என்று திருப்பிக் கேட்டார்.

வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த துண்டைக் காட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. "சிவந்தால், வீங்கினால், நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் உடனே வரவும்" என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

பொருத்திக்கொள்ளும் நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் பெட்டியிருக்கும் பையில் கிருமி தொற்றுகிறது. தொற்றினால் விளையாட்டல்ல. கிருமிகள் உலோகத்திலும் வயரிலும் பாசிபோல ஒட்டிக்கொள்வதால் அன்ரிபயோற்றிக் மருந்து மட்டும் அவற்றைக் கொல்லாது. வயர் நேரே இதயத்துக்குள் போவதால் கிருமியும் அந்த வழியே போகலாம். ஆகவே பெட்டியையும் வயரையும் எடுத்துவிட்டு, உடம்பு சுத்தமான பிறகு மறுபக்கம் புதிதாக வைப்பதுதான் வழி. வீங்கின இடத்தில் ஊசி குத்தி நீர் எடுக்க ஊரில் யாரையும் விடக் கூடாது. அந்த ஊசியே கிருமியை உள்ளே கொண்டுபோகும். பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கை முழுவதும் வீங்கினாலும், பழைய மயக்கம் திரும்பி வந்தாலும் அதுவும் அன்றைக்கே போக வேண்டிய விடயம். இப்போது எங்கிருந்தும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

அன்று பின்னேரமே அக்காவை ஓட்டோவில் ஏற்றினோம். பிறகு கொழும்புக்கு அனுப்பினார்கள். பெட்டியை எடுத்து, தற்காலிக வயரில் இதயத்தை ஓடவிட்டு, நாளுக்கு இரண்டு நேரம் மருந்து ஏற்றி, டிசம்பரில் வலது பக்கம் புதியது வைத்தார்கள். மகள் கைக்குழந்தையோடு மாறி மாறி நின்றார். நான் போனது இரண்டு தடவைதான். முதல் தடவை போனபோது விடுதித் தாதி ஒருவரிடம், மருந்து கட்டும்போது ஒரு பெண் தாதி பக்கத்தில் நிற்க முடியுமா, திரையை இழுத்து விடலாமா என்று கேட்டேன். "அதுக்கென்ன" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் திரை இழுக்கப்பட்டது. ஒக்டோபரிலேயே, அதற்கு முன்பே, யாராவது கேட்டிருக்கலாம். நானே கேட்டிருக்கலாம்.

அதற்கடுத்த ஆண்டு, 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்த பிறகு, நாங்கள் மறந்திருந்த சோதனைகள் எல்லாம் திரும்பி வந்தன. வீதியில், பஸ்ஸில், கோயில் வாசலிலும்கூட. வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திக்குப் போக அக்காவுக்கு ஆசை. ஆனால் தோளுக்குப் பின்னால் செல் துண்டு, முன்னால் பெட்டி, இரண்டும் கருவியில் சத்தம் போடுமே என்ற பயம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியைப் பெட்டிக்கு மேலே நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது, சும்மா கடந்து போனால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, பெண் உத்தியோகத்தர் ஒருவர் கையால் சோதிக்கும்படி கேட்கலாம் என்றும் சொன்னேன். கையால் என்றதும் முகம் மாறியது. அதையும் நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசியில் அட்டையின் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு எழுதி ஒட்டினோம்: நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டு, தோளில் பழைய செல் துண்டு உண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் இரண்டையும் முதலிலேயே சொல்ல வேண்டும் என்பதால் அந்தத் துண்டு வைத்தியசாலையிலும் உதவும். கோயில் வாசலில் நின்ற பெண் பொலிஸ் அதை வாசித்துவிட்டு, கையையும் கருவியையும் கொண்டுவராமல், "போங்க அம்மா" என்று சொன்னாராம்.

குழுவில் இப்போது பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருவர். இரண்டாமவர் வந்தபோது முதல் ஆறு வாரத்துக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் அக்கா அவரை வீட்டின் உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து எனக்குச் சொல்லுவார்: "பாத்திட்டன் புள்ள. பிளாஸ்டர் பட்ட இடம் மட்டும்தான் சிவந்து கிடக்கு. எண்டாலும் திங்கக்கிழமை கிளினிக்குக்கு நானும் கூடப் போறன்."